சரக்குப் பெட்டகமும் அதன் காவலும்

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தினின்று ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 உலோகப் பெட்டகங்களைச் சுமந்து ஹூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி செய்த ஏற்பாடு அது. அதற்கு முன்னர்ச் சரக்கு மூட்டை மூட்டையாகவே கப்பலேறிற்று. பல கைகள் பட்டு வழியிற் குறைவதும் எல்லாத் துறைமுகங்களிலும் வழக்கமாயிருந்தது. பெட்டகம் வந்தபின் அந்தச் சில்லறைக் களவு பெரிதும் ஒழிந்தது. ஆனால் அதனிடத்தே வேறொரு களவு தோன்றிற்று. முன்பு போனது ஒரு மூட்டை. இப்போது போனால் பெட்டகம் முழுவதும் போகும், அல்லது பூட்டுக் குலையாமலே அதன் வயிறு மட்டும் காலியாகும்.

கரூரின் படுக்கை விரிப்பும் துவாலையும், ஈரோட்டு மஞ்சளும் இன்று இத்தகைய பெட்டகங்களிலேயே கடல் கடக்கின்றன. தூத்துக்குடியில் ஏறும் பெட்டகம் பல வேளைகளில் சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெருங்கப்பலுக்கு மாறுகிறது. நெசவாளி தறியிலிருந்து இறக்கிய துணி வாங்குவோனின் கிடங்கை அடைவதற்குள் லாரி, முற்றம், கப்பல், மறுமுற்றம், மறுகப்பல், மீண்டும் லாரி என்று எத்தனை கைமாறுகிறதென்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு வாசல்.

இவ்விடத்தே கப்பல் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சங்கமே தன் முற்றத்தில் ஏற்றி மூடிய பெட்டகமாயின், ‘அனுப்புவோர் ஏற்றி, அடுக்கி, எண்ணியது’ என்றும், ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்றும் அந்த ரசீதில் அச்சிடப்பட்டிருக்கும். பலர் இதைப் படிப்பதில்லை. 400 அட்டைப்பெட்டிகள் என்று நாம் எழுதினாலும், அவ்வெண்ணிக்கைக்குத் தாம் சாட்சியல்லர் என்பதே கப்பற்காரர் கூறும் பொருள். முத்திரை முழுமையாயிருந்து உள்ளே 40 பெட்டிகள் குறைந்தால், அவர்கள் கையை விரிப்பர். வாங்குவோன் அத்தொகையைக் கழித்துக்கொண்டே பணம் அனுப்புவான். கழிவு வந்து விழுவது நெய்தவன் கூலியிலும், விளைத்தவன் கணக்கிலுமே.

ஆகவே முத்திரையே முதற்காவல். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 17712-ஆம் எண் தரம் முத்திரைகளை மூவகையாகப் பிரிக்கிறது: திறந்ததைக் காட்டுவது மட்டும் செய்வது, ஓரளவு தடுப்பது, உயர்காவல் தருவது. கடல் தாண்டும் சரக்குக்கு மூன்றாவதே வேண்டும். ‘போல்ட் சீல்’ என்று வழங்கும் தடித்த எஃகு ஆணிமுத்திரை அது. பெரிய வெட்டுக்கருவியன்றி அறாது. ஒவ்வொன்றிலும் தனி எண் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டகத்தின் வலக்கதவு இடக்கதவின்மேற் படிந்து மூடுவதால், முத்திரை வலக்கதவின் தாழ்க்கம்பியிலேயே இடம்பெறுவது முறை. பூட்டியபின் கண்ணாற் பார்த்து, எண்ணை ஏட்டோடு ஒப்பிட்டு, பலமாக இழுத்து, திருகியும் பார்க்க வேண்டும். மலிவுச் சரக்கான சில முத்திரைகள் திருகினாற் கழன்றுவிடுகின்றன. பயன்படாத முத்திரைகள் மேசைமேற் கிடப்பதைச் சில இடங்களில் காண்கிறோம். காசோலைப் புத்தகத்தை அப்படிப் போடுவார் உண்டோ? அவை பொறுப்பாளர் ஒருவர் கையில், பூட்டிய பெட்டியில், வரவு செலவுப் பதிவோடு இருக்கத்தக்கவை.

கைதேர்ந்த திருடன் முத்திரையைத் தொடுவதே இல்லை என்பதையும் அறிய வேண்டும். கதவின் கைப்பிடி ‘ரிவிட்’ எனப்படும் அறைந்த ஆணிகளால் தாழ்க்கம்பியோடு பிணைந்துள்ளது. அவ்வாணியைத் துளைத்தெடுத்தால் முத்திரை தொங்கியபடியே கதவு திறக்கும். சரக்கை எடுத்தபின் புதிய ஆணியிட்டு வண்ணம் பூசிவிடுவர். கீல்களிலும் இவ்வித்தையே நடக்கும். ஆதலால் காலிப் பெட்டகம் முற்றத்துக்கு வந்தவுடனேயே ஆணித் தலைகளை உற்று நோக்க வேண்டும். ஒன்று மட்டும் பளபளப்பாகவோ, வேறு நிறமாகவோ இருப்பின் அப்பெட்டகத்தைத் திருப்பி அனுப்புவதே விவேகம். லாரிக்காரர் காத்திருக்கிறார் என்ற முணுமுணுப்புக்குச் செவிசாய்த்தல் ஆகாது.

சோதனை அதனோடு முடியவில்லை. முன்சுவர், இரு பக்கச்சுவர், தரை, கூரை, கதவின் உள்ளும் புறமும், அடிப்புறம் ஆகிய ஏழிடங்களையும் பார்ப்பது உலகெங்கும் வழங்கும் முறை. சுவரைச் சுத்தியலால் தட்டினால் பொய்ச்சுவரின் ஓசை வேறுபடும். அளவு நாடாவும் உதவும்: இருபதடிப் பெட்டகத்தின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர், குறைந்தால் ஏனென்று கேட்க வேண்டும். இவ்வளவு ஐயம் ஏன் என்று கேட்பார்க்கு விடை உண்டு. களவாடுவோர் மட்டுமன்றிக் கடத்துவோரும் பெட்டகத்தைத் தேடுகின்றனர். நேர்மையான வணிகரின் பெட்டகத்தை வழியில் திறந்து, போதைப்பொருட் பைகளை உள்ளே எறிந்து, போலி முத்திரை மாட்டி, சேருமிடத்தில் தம் ஆளைக்கொண்டு எடுத்துக்கொள்வது அவர்கள் தொழில். அகப்பட்டால் ரசீதில் இருப்பது சங்கத்தின் பெயரல்லவா?

2016-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத பெட்டகம் கப்பலேறலாகாது என்னும் சர்வதேச விதி நடப்பில் உள்ளது. கப்பலின் பாதுகாப்புக்காக எழுந்த விதி. நமக்கோ அது இலவசக் காவலாளி. புறப்பட்ட எடையையும் சேர்ந்த எடையையும் ஒப்பிட்டால், எடுத்ததும் வைத்ததும் பெருமளவு புலப்படும். நம் நாட்டில் 2017-இல் ஏற்றுமதியாளரே முத்திரையிடும் முறையோடு, ரேடியோ அலையால் படிக்கத்தக்க மின்னணு முத்திரையும் வந்தது. துறைமுகக் கருவி அதனைப் படித்து, குலைந்ததாயின் காட்டிக்கொடுக்கும். எனினும் நடுவழியில் உணவுக்கடை ஓரம் இரவெல்லாம் நிற்கும் லாரியை அது காவல் காக்காது. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாதென்று ஓட்டுநருக்கு எழுத்தில் கொடுப்பது நலம்.

நீரும் ஒரு திருடனே. பகலிற் சூடேறிய காற்று இரவிற் குளிர, அதன் ஈரம் இரும்புக் கூரையில் திரண்டு சரக்கின்மேற் சொட்டுகிறது. மஞ்சள் பூசணம் பிடிப்பதும், வெள்ளைத் துணி கறைபடுவதும் இதனாலேயே. காலிப் பெட்டகத்துள் ஒருவரை நிறுத்திக் கதவைச் சாத்தினால், ஓட்டையெனில் வெளிச்சம் ஊசியாய்த் தெரியும். தரைப்பலகை ஈரமாயிருந்தால் ஏற்றலாகாது. கால்சியம் குளோரைடு அடங்கிய ஈரமுறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடுவது செலவு குறைந்த வழி.

காவல் எவ்வளவு இருப்பினும் கடல் தன் போக்கில் போகும். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கப்பல் தீப்பற்றிப் பின்னர் மூழ்கிற்று. 2025 மே 25-இல் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கொச்சிக்கு அப்பால் 640 பெட்டகங்களோடு கவிழ்ந்து மூழ்கியது. இன்ஷூரன்ஸ் இன்றி அனுப்பிய சரக்குக்கு அவ்வேளையில் ஆறுதலே மிச்சம். அதிலும் பத்திரத்தின் வகையைப் பார்க்க வேண்டும். ‘சி’ வகைக் கடற்சரக்குப் பத்திரம் தீயையும் கப்பல் மூழ்குதலையும் ஏற்கும், களவை ஏற்காது. ‘ஏ’ வகையே களவையும் தழுவியது. கட்டணம் குறைவென்று ‘சி’ வகையை எடுத்துவிட்டுப் பின் வருந்துவது வீண்.

இறுதியாக, பெட்டகம் சேருமிடத்தார்க்கு நாம் முன்கூட்டியே எழுத வேண்டியது ஒன்றுண்டு. முத்திரையை வெட்டுமுன் அதன் எண்ணையும் கதவாணிகளையும் புகைப்படம் எடுக்க வேண்டும். வெட்டிய துண்டுகளை எறியலாகாது. குறைவு வெளிப்படையாகத் தெரியாவிடின், ஹேக் விதிகளின்படி சரக்கைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் கப்பற்காரருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வழக்குத் தொடுக்க ஓராண்டே கெடு. இவ்விரு கெடுக்களையும் ஏற்றுமதி ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைக்கும்படி சங்கக் காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.