கப்பல் படிப்பு: பாதி கரையில், மீதி கடலில்

சென்னைச் சிட்லபாக்கத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்த் தெற்கே திரும்பினால் உத்தண்டி வரும். 2008-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் அங்கேதான். இன்னும் சற்றுத் தள்ளிக் கானாத்தூரில் ஆமெட் என்ற இன்னொரு கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், பிளஸ் டூ முடிக்கும் உங்கள் பிள்ளையும் ஒருநாள் "நான் கப்பல் படிப்புக்குப் போகட்டுமா?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லுமுன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

முதல் சந்தேகம்: சேர்ந்தவுடனே கப்பலில் ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இந்தியர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று 1922-இல் மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் தமிழ்நாட்டுக்காரர், பி.எஸ். சிவசாமி ஐயர். அதன் தொடர்ச்சியாக ஒரு குழு அமைந்து, 1927-இல் பம்பாயில் டஃப்ரின் என்ற பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. படைவீரர்களை ஏற்றிச் செல்ல 1904-இல் கட்டிய கப்பல் அது. மசகான் அருகே நங்கூரமிட்டு நின்ற அந்தக் கப்பலிலேயே பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். முதல் அணியில் படித்தவர்களில் ஒருவர் ராம் தாஸ் கட்டாரி. நம் செங்கல்பட்டில் பிறந்தவர். 1958-இல் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியான முதல் இந்தியர் அவர்தான்.

1972-இல் டஃப்ரினுக்குப் பதிலாக ராஜேந்திரா என்ற கப்பல் வந்தது. 1993-இல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, படிப்பை நவி மும்பையில் கரைக்கு மாற்றினார்கள். அந்த வளாகத்தின் பெயர் டி.எஸ். சாணக்கியா. முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளுக்குப் பயிற்சிக் கப்பல் என்றுதான் பொருள். இடமோ முழுக்கத் தரை.

அப்படியானால் கடலில் எங்கே கற்றுக்கொள்வார்கள்? சரக்குக் கப்பலில். ஜப்பான் இன்னும் நிப்பான் மாரு, கைவோ மாரு என்று மாணவர்களுக்கென்றே பாய்மரக் கப்பல்களை ஓட்டுகிறது. அமெரிக்காவின் மாநிலக் கடல்சார் கல்லூரிகளும் தங்கள் மாணவர்களைத் தனிப் பயிற்சிக் கப்பலில் அழைத்துப் போகின்றன. நம் பிள்ளைகளுக்கோ எண்ணெயோ நிலக்கரியோ கன்டெய்னரோ ஏற்றிக்கொண்டு உண்மையாகவே பிழைப்புக்காக ஓடும் கப்பல்தான் வகுப்பறை. அங்கே இவர்கள் கேடட் (பயிற்சி அதிகாரி).

எத்தனை மாதம்? படிப்பைப் பொறுத்தது. மூன்று ஆண்டு பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ் படித்தவர் 12 மாதம் கடலில் இருக்க வேண்டும். ஓராண்டு டிஎன்எஸ் (கப்பல் ஓட்டும் துறைக்கான டிப்ளமா) முடித்தவருக்கு 18 மாதம். நான்கு ஆண்டு மரைன் இன்ஜினீயரிங் படித்தவருக்கு 6 மாதம். இதெல்லாம் ஒரே மூச்சில் முடிய வேண்டியதில்லை. இரண்டு மூன்று கப்பல்களில் பிரித்தும் முடிக்கலாம். ஆனால் இந்தக் கடல் மாதங்கள் கணக்கில் ஏறாமல் அதிகாரி தேர்வுக்கு உட்கார முடியாது.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கல்லூரி இடம் கிடைப்பதைவிடக் கப்பலில் இடம் கிடைப்பதுதான் கடினம். படிப்பை முடித்துவிட்டுக் கப்பலுக்காக மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கனக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கல்லூரியில் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பதற்கு முன், "போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள்? எந்த நிறுவனத்தில்?" என்று கேளுங்கள். ஸ்பான்சர்ஷிப் (படிப்பு முடிந்ததும் கப்பலில் ஏற்றிக்கொள்வதாக நிறுவனம் தரும் உறுதி) எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் இல்லாத உறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட் வந்தால்? கப்பல் வேலைக்கு ஆள் சேர்க்க மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் தரும் உரிமம் வேண்டும். அதற்கு ஆர்பிஎஸ்எல் என்று பெயர். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. உரிமம் இருந்தாலும்கூட, வேலைக்காகப் பிள்ளையிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். லட்சங்களில் பேரம் பேசுகிறவர் எவராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கண் விஷயத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். டெக் பிரிவுக்கு (கப்பலை ஓட்டும் பிரிவு) கண்ணாடி இல்லாமலே பார்வை தெளிவாக இருக்க வேண்டும். இன்ஜின் பிரிவில் ஓரளவு கண்ணாடிக்கு இடம் உண்டு. நிறக்குருடு இருந்தால் டெக் பிரிவு முடியவே முடியாது, ஏனென்றால் இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அதன் சிவப்பு, பச்சை விளக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம், கட்டணம் கட்டுவதற்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

சரி, கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகும்? வேலை வாட்ச் (காவல் முறை) கணக்கில் ஓடும்: நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் இடைவெளி. புதிய கேடட் பெரும்பாலும் பகலில் டெக்கில்தான் இருப்பார். துருவைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, தொட்டிகளில் நீர்மட்டம் அளப்பது, துறைமுகத்தில் கயிறு கட்டுவது. "இதற்கா படிக்க வைத்தோம்" என்று மனம் வருந்த வேண்டாம். ஒரு கப்பலின் எந்தத் தகடு எங்கே அரிக்கும் என்பது கை வைத்தவருக்குத்தான் தெரியும். நாளைக்கு அந்த வேலையைப் பிறரிடம் வாங்கப் போகிறவரும் இவர்தான்.

பிறகு பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் மேல்தள அறை) நிற்கும் முறை வரும். அதில் சீஃப் ஆபீசரோடு நிற்கும் 4–8 வாட்ச் தனிச் செல்வம். விடிவதற்குச் சற்று முன்னும் பொழுது சாய்ந்த பின் சற்று நேரமும் மட்டும்தான் நட்சத்திரமும் தொடுவானமும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சில நிமிடங்களில் செக்ஸ்டன்ட் (கோணம் அளக்கும் கருவி) எடுத்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று பிள்ளையே கேட்கும். ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பிவிடும் சம்பவங்கள் இன்று பல கடல்பகுதிகளில் நடக்கின்றன. திரை சொல்வது சரியா என்று வேறு வழியில் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல அதிகாரி.

தூக்கம் கிடைக்குமா? சர்வதேச விதிப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். துறைமுக நாட்களில் இது நெருக்கடியாகும். ஓய்வுப் பதிவேட்டில் நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

ஆபத்து பற்றி மறைக்காமல் சொல்கிறேன். புயலைவிட அதிகம் பயப்பட வேண்டியது மூடிக் கிடக்கும் தொட்டியும் சரக்கறையும். இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வாசனையும் இருக்காது. இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற அவசரத்தில் இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். இப்படி உயிர் போவது உலகெங்கும் இன்னும் தொடர்கிறது. காற்றைக் கருவியால் அளந்து, அனுமதிச் சீட்டு எழுதிய பிறகுதான் இறங்க வேண்டும். "சும்மா எட்டிப் பார்த்துட்டு வா" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய அதிகாரி சொன்னாலும், "பர்மிட் ஆச்சா சார்?" என்று கேட்கப் பிள்ளைக்குத் தைரியம் கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் நீங்கள் தரும் இந்தத் தைரியம் பெரிய பாதுகாப்பு.

வீட்டோடு பேச முடியுமா? இன்று பல கப்பல்களில் சாட்டிலைட் இன்டர்நெட் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் செய்த திருத்தப்படி, இயன்ற அளவு இணைய வசதி தர வேண்டும் என்ற விதி 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் நான்கைந்து நாள் பேச்சே இல்லாமல் போகும், பதறாதீர்கள். நிறுவனத்தின் கரை அலுவலக எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் டிபிஏ (கப்பலில் இருப்பவர் நேரடியாக முறையிடக் கரையில் நியமிக்கப்பட்டவர்) ஒருவர் உண்டு. மிரட்டலோ தொல்லையோ நேர்ந்தால் அவரிடம் சொல்லலாம் என்று மகனுக்கும் மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆம், மகளுக்கும்தான். சென்னைப் பெண்ணான ரேஷ்மா நிலோஃபர் கேடட்டாகக் கடலுக்குப் போய்வந்தவர். பிறகு கொல்கத்தாத் துறைமுகத்தில் பைலட் (கப்பலை ஆற்று வழியே துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழிகாட்டி) ஆனார். இந்தியாவில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர்.

கடைசியாக, காகிதங்கள். சிடிசி (கடல் பணியாளரின் பணிப் புத்தகம்) பாஸ்போர்ட்டைப் போலவே முக்கியம். ஏறிய நாளும் இறங்கிய நாளும் அதில்தான் பதிவாகும். பயிற்சிப் பதிவேட்டில் கற்ற ஒவ்வொரு வேலைக்கும் அதிகாரி கையெழுத்து வேண்டும். வாரா வாரம் வாங்கிவிட்டால் கடைசியில் திண்டாட்டம் இல்லை. கப்பலை விட்டு இறங்கும்போது, இத்தனை நாள் கடலில் பணி செய்தார் என்று கேப்டன் தரும் சான்றிதழ் இன்னொன்று. கேப்டனும் மாறிக்கொண்டே இருப்பார். அவர் ஊருக்குப் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம். தேதிகள் சிடிசியோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து, கையில் வாங்கிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.