பாவு நடுவே அட்டை மாறினால்...

எட்டு முகமுள்ள பகடை ஒன்றை உருட்டுகிறீர்கள். விழும் எண்ணுடன் 3-ஐக் கூட்ட வேண்டும். கிடைக்கக்கூடிய மிகப் பெரிய விடை என்ன? 11 என்று நொடியில் சொல்லிவிடுவீர்கள். ஆனால் 2025 கோடை விடுமுறையில், செவிலிமேட்டில் ஒரு வீட்டில், ஒரு மடிக்கணிப்பொறி 15 என்று விடை காட்டியது. அதனால் நான்கு நண்பர்களுக்குள் பெரிய வழக்கு எழுந்தது. அதைத் தீர்த்துவைக்கத்தான் என்னை அழைத்தார்கள்.

செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தென்புறம், பாலாற்றங்கரையில் உள்ளது. முன்பு தனி ஊர். இப்போது மாநகராட்சிக்குள் அடக்கம். நான் போன வீட்டின் முன்கட்டில் பட்டுத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தறியில் இருந்தவர் என் மாணவனின் தந்தை. பின்கட்டில் மாணவனும் அவன் தோழர் மூவரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தனர். நடுவில் விதவிதமான பகடைகள். அவற்றுக்குப் பக்கத்தில் அந்தக் கணிப்பொறி.

அவர்கள் ஆடியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவன் வாள்வீரன், ஒருவன் மருத்துவம் அறிந்த பூசாரி, இப்படி. "குகைக்குள் நுழைகிறேன்", "பூதத்தை வெட்டுகிறேன்" என்று வாயால் சொல்வார்கள். வெட்டு விழுந்ததா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். எந்தப் பகடையை எப்போது உருட்டுவது என்பதை விதிநூல் சொல்லும். இவ்வகை ஆட்டங்களில் முதலாவதாக அச்சில் விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டார்கள். 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் இதில் உண்டு. நம் தாயக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

விதிநூலோ நூற்றுக்கணக்கான பக்கம். மந்திரங்கள், ஆயுதங்கள், விலங்குகள் என்று பட்டியல்கள் நீளும். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் கதை எப்போது நகர்வது? எனவே கணிப்பொறியின் துணையை நாடுகிறார்கள். பாத்திரத்தின் குறிப்பேடு, பகடை, வரைபடம் எல்லாவற்றையும் ஒரு கருவித் தொகுப்பாகத் திரையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். என் மாணவன் அப்படி ஒன்றைத் தானே எழுதியிருந்தான். அன்று காலையில்தான் அதில் புதிய விதிநூலின் பகுதிகளை ஏற்றியிருந்தான். மாலையில் 15 வந்தது.

கணிப்பொறிக்குள் விதிநூலை எப்படி ஏற்றுவது? இதற்கு விடை தேடிப் பின்கட்டில் இருக்கவேண்டியதில்லை. முன்கட்டுக்கு வாருங்கள்.

தறியின் மேல் ஒரு சட்டம். அதிலிருந்து மாலைபோல் அட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வோர் அட்டையிலும் துளைகள். இதுதான் ஜக்கார்டு. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி உருவாக்கிய பொறி. நெசவாளர் மிதியை மிதித்ததும் ஓர் அட்டை ஊசி வரிசைமேல் வந்து அழுந்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே புகுந்துவிடும்; அதன் கொக்கி தன் இடத்திலேயே நின்று, மேலெழும் கத்தியில் மாட்டிப் பாவு இழையை உயர்த்தும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னே தள்ளும், கொக்கி விலகும், இழை உயராது. உயர்ந்த இழைகளின் கீழே நாடா ஓடுகிறது. அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. இப்படியே மயிலும் மாங்காயும் ருத்திராட்சமும் சேலையில் வந்து உட்காருகின்றன.

240 கொக்கி உள்ள பெட்டியில் ஓர் அட்டை என்ன சொல்கிறது? 240 முறை 'தூக்கு' அல்லது 'விடு'. அவ்வளவுதான். மயில் எப்படி இருக்கும் என்று தறிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அட்டை சொல்வதைச் செய்வது. மயில் அலுத்துப்போனால் தறியை உடைக்க வேண்டாம், அட்டைக் கட்டை மாற்றினால் போதும். ஜக்கார்டு வருவதற்கு முன்பு காஞ்சியில் 'அடை' என்ற முறை இருந்தது. அதில் வடிவத்தை நூல்களாலேயே தறியில் கட்டிவைக்க வேண்டும். வடிவம் மாறினால் கட்டும் மாறவேண்டும். எத்தனை உழைப்பு, பாருங்கள்!

அட்டையின் அருமையை முதலில் உணர்ந்த கணிதக்காரர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். தம் கணக்குப் பொறிக்கும் துளையட்டையையே திட்டமிட்டார். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

இனிப் பின்கட்டுக்குத் திரும்புவோம். விதிநூலை ஏற்றவும் இதேபோல் இரு வழிகள் உண்டு. விதியை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது முதல் வழி. அது 'அடை' கட்டுவதைப் போன்றது. ஒரு மந்திரம் மாறினாலும் நிரலைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது வழியில் நிரல் தனி, விதிகளின் அட்டவணை தனி. அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'காயம் ஆற்று – பகடை 1 – முகம் 8 – பூசாரியின் ஆற்றலைக் கூட்டு'. நிரல் இந்த வரியைப் படித்துப் பகடையை உருட்டும். அந்த வரி மருத்துவத்தைச் சொல்கிறதா, அடிதடியைச் சொல்கிறதா என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. புதிய விதிநூல் வந்தால் புதிய வரிகளைச் சேர்த்தால் தீர்ந்தது.

என் மாணவன் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றியிருந்தான். கெட்டிக்காரன். அப்படியிருந்தும் தவறு எங்கே நேர்ந்தது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிநூலில் 'காயம் ஆற்று' என்ற மந்திரத்துக்கு எட்டு முகப் பகடை ஒன்று. 2024-ஆம் ஆண்டு விதிநூலிலோ அதே மந்திரத்துக்கு அதே பகடை இரண்டு. ஒரு பகடையின் சராசரி 4.5, இரண்டின் சராசரி 9. பகடையால் ஆறும் காயம் இரு மடங்கு! பூசாரியின் ஆற்றல் 3. ஆகவே பழைய விதிப்படி 11-க்கு மேல் வரவே முடியாது. புதியதில் 19 வரை வரலாம். காலையில் அவன் புதிய அட்டவணையைப் பழையதன்மேல் எழுதிவிட்டான். பல மாதங்களாக 2014 விதிப்படி நடந்துவரும் கதையில், வாள்வீரன் சாகக் கிடந்த நேரத்தில், யாரும் அறியாமல் விதி மாறிவிட்டது. இதைச் சூது என்றான் ஒருவன். "பூசாரி என் ஆள், எனக்கு நல்லதுதானே" என்றான் மற்றொருவன். கதை நடத்துபவன் முகம் வாடிப்போயிற்று.

இது சிறுவர் சண்டைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதே குழப்பம் உலக அளவில் நடந்திருக்கிறது. இந்த ஆட்டத்தை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற கருவித் தொகுப்பையும் நடத்துகிறது. 2024 ஆகஸ்டில், புதிய நூல் வந்ததும் பாத்திரக் குறிப்பேடுகளில் உள்ள மந்திரங்களும் மாயப்பொருள்களும் புதிய வடிவுக்கு மாறிவிடும் என்று அறிவிப்பு வந்தது. பழைய விதிதான் வேண்டும் என்பவர்கள் அதைத் தாங்களே கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தின் விதி, நடந்துகொண்டிருக்கும் கதையிலிருந்து மறைவதா? ஆடுபவர்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களில் நிறுவனம் பின்வாங்கியது. பழைய மந்திரங்கள் 'லெகசி' என்ற முத்திரையுடன் குறிப்பேட்டில் நீடித்தன.

தவறின் வேர் எது? குறிப்பேட்டில் மந்திரத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆடும்போது நிரல் அந்தப் பெயரை அட்டவணையில் தேடுகிறது. ஒரே பெயரில் விதி மாறினால் குறிப்பேடு தொடாமலே மாறிவிடும். நம் ஊர்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். முருகேசனுக்கு என்று எழுதிவரும் கடிதத்தைத் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? அதனால்தான் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். மந்திரத்துக்கும் அப்படி ஒரு முதலெழுத்து தேவை. 'காயம் ஆற்று' என்று எழுதாமல் '2014-காயம் ஆற்று', '2024-காயம் ஆற்று' என்று இரு வரிகளாக எழுதி, எந்தக் கதை எந்த ஆண்டின் விதிப்படி நடக்கிறது என்பதையும் குறித்துவிட்டால் இரண்டும் ஒரே கணிப்பொறியில் சண்டையின்றி வாழும்.

நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது முன்கட்டிலிருந்து தந்தை குரல் கொடுத்தார்: "ஓடிக்கிட்டிருக்கிற பாவுல நடுவுல எவனாவது அட்டைய மாத்துவானா சார்? சேலைய அறுத்துட்டு மாத்தச் சொல்லுங்க." நான் அரைமணி நேரம் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

ஆனால் எல்லாப் புதுமையையும் ஒரு வரி சேர்த்துச் சமாளித்துவிட முடியாது. 2024 நூலில் ஆயுதங்களுக்கு 'வல்லமை' என்று ஒரு புதிய குணம் வந்தது. பயிற்சி பெற்றவன் போர்ச் சம்மட்டியால் அடித்தால், அடிபட்டவனைப் பத்தடி தூரம் தள்ளிவிடலாம். பழைய அட்டவணையில் பகடையும் முகமும் எழுத இடம் உண்டு. 'தள்ளு' என்று எழுத இடமே இல்லை. புதிய பத்தி ஒன்று சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், 'தள்ளு' என்றால் வரைபடத்தில் ஆளை நகர்த்த வேண்டும் என்று நிரலுக்கு யார் சொல்வது? இங்கே நிரலையே திருத்தியாக வேண்டும். தறியிலும் இதே கதைதான். கோர்வைக் கரை வேண்டுமென்றால் அட்டையில் எத்தனை துளை போட்டாலும் வராது. உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைக்கு இரண்டு, ஆக மூன்று நாடாவும், உடன் நெய்ய இன்னோர் ஆளும் வேண்டும். புதிய விதியைப் பார்த்ததும் "இது அட்டை வேலையா, தறி வேலையா?" என்று முதலில் கேளுங்கள். என் மாணவன் இதைக் கேட்காததால் 'தள்ளு' என்ற சொல்லைக் குறிப்பு என்ற பத்தியில் திணித்துவைத்திருந்தான். சம்மட்டி அடித்தது, யாரும் நகரவில்லை.

விதிநூலை இப்படித் தட்டச்சு செய்துகொள்ள உரிமை உண்டா என்று கேட்பீர்கள். முழு நூலுக்கும் இல்லை. அது பதிப்புரிமை உள்ளது. ஆனால் அடிப்படை விதிகளின் தொகுப்பு ஒன்றை, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் நிறுவனமே வெளியிட்டுள்ளது. 2014 விதிகளுக்கானது 2023 ஜனவரியிலும், 2024 விதிகளுக்கானது 2025 ஏப்ரலிலும் அவ்வாறு வந்தன. மாணவன் ஏற்றியது இந்தத் தொகுப்பைத்தான்.

ஏற்றியபின் சோதிக்க வேண்டும். இது இயற்பியல் ஆய்வகப் பழக்கம், விட மாட்டேன். புதிய வரியை ஆயிரம் முறை உருட்டச் சொன்னேன். ஆற்றலைக் கூட்டாமல் சராசரி 9-ஐ ஒட்டி வந்தது. "சரியாக இருக்கிறது" என்றார்கள். அவசரம்! ஒரே பகடையை உருட்டி இரண்டால் பெருக்கினாலும் சராசரி 9தான் வரும். ஆனால் அப்போது ஒற்றைப்படை எண் ஒன்றுகூட விழாது. 16 விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. உண்மையாகவே இரண்டு பகடை என்றால் 16 விழுவது 64-இல் ஒன்றுதான். 9 விழுவதோ எட்டில் ஒன்று. எனவே சராசரியோடு நிற்காமல் எந்த எண் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுங்கள். எண்ணிப் பார்த்தோம். அந்த வரி சரியாகவே இருந்தது.

கணிப்பொறி இல்லாதவர்கள் தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையின் நான்கு முகங்களில் 0, 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டு கட்டைக்கு 16 வகை விழுக்காடு. இரண்டும் வெறுமையானால் 12 என்று வழக்கு. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது உங்கள் வீட்டு விதியானால், மறுவீச்சுக்கு வாய்ப்பு 16-இல் 6. 12-க்கு மறுவீச்சு இல்லை என்று அத்தை வீட்டு விதி சொன்னால் 16-இல் 5. இரண்டு விதிகளையும் ஒரே தாளில் இரு வரிசையாக எழுதி, வீட்டின் பெயரை முன்னால் போடுங்கள். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது தாளையும் கொண்டுபோங்கள்.

செவிலிமேட்டில் அன்று இரவு எட்டு மணிக்குப் பழைய வரிகள் '2014' என்ற முன்னொட்டுடன் திரும்ப ஏறின. 15 செல்லாது என்று நால்வரும் ஒப்புக்கொண்டு பூசாரியை மறுபடி உருட்டச் சொன்னார்கள். 5 விழுந்தது, மூன்றும் சேர்ந்து எட்டு. வாள்வீரன் தள்ளாடி எழுந்து நின்றான்.