சுவர் நிறைந்த பின்னும் ஓவியம் வாங்குவது ஏன்? தனியார் கலைச் சேகரிப்பு குறித்து ஒரு விளக்கம்

கொச்சி: தேயிலை ஏலத்துக்கும் கப்பல் சரக்குக்கும் பெயர்பெற்ற வெலிங்டன் தீவு, 2025 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயின் ஆறாவது பதிப்பில் கலைக்கூடமாகவும் மாறியது. தீவிலுள்ள கிடங்கு ஒன்றில் வைக்கப்பட்ட படைப்புகளைக் காண மக்கள் திரண்டனர். ஆனால், அங்கே எந்தப் படைப்பின் அருகிலும் விலைச்சீட்டு இல்லை. பினாலே காட்சிக்கானது, விற்பனைச் சந்தை அல்ல.

தீவிலிருந்து படகேறினால் சில நிமிடங்களில் மட்டாஞ்சேரி. அங்குள்ள யூதத் தெருவிலோ கண்ணில் படும் அனைத்துக்கும் விலை உண்டு. குத்துவிளக்கு, வெண்கல உருளி, சீன ஜாடி, மரத்தூண், செதுக்கிய கதவு நிலை எனப் பழைய வீடுகளிலிருந்து வந்த பொருள்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன.

கண்டு மகிழ்ந்து திரும்புவதற்கும், விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் இடையே நிகழும் மாற்றம் என்ன? ஒரு பொருளோடு நில்லாமல் நூறு, ஆயிரம் எனச் சிலர் சேர்த்துக்கொண்டே போவது எதற்காக?

(தீவின் பெயர் குறித்து ஒரு சொல்: வாட்டர்லூ போரில் வென்ற வெல்லிங்டனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, காயலில் தூர்வாரிய மண்ணைக் கொண்டு உருவான இந்த நிலத்துக்கு, சென்னை மாகாண ஆளுநராகவும் பின்னர் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. தமிழ் வழக்கில் அது வெலிங்டன் ஆகிவிட்டது.)

சம்பளத்தில் சேர்ந்த 4,000 படைப்புகள்

கலைச் சேகரிப்பு என்றாலே செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஏல அரங்குகளில் இருந்து வரும் செய்திகள் அந்த எண்ணத்தை வளர்க்கவே செய்கின்றன. அதற்கு வலுவான மறுப்பாக நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் வோகல், டோரதி வோகல் தம்பதியின் வாழ்க்கை அமைந்தது. கணவர் அஞ்சல் நிலைய ஊழியர், மனைவி நூலகர். டோரதியின் ஊதியத்தில் குடும்பம் நடந்தது. ஹெர்பர்ட்டின் ஊதியம் முழுவதும் ஓவியங்களுக்குச் சென்றது.

அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகள் எளிமையானவை. விலை கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீட்டுக்குள் பொருள் அடங்க வேண்டும். ஓவியர்களின் பட்டறைகளுக்கு நேரில் சென்று பேசி, புகழ் பெறாத இளம் கலைஞர்களிடம் வாங்கினர். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் ஓவியங்கள் நிறைந்தன. 4,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றை விற்றிருந்தாலே கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். அவர்கள் விற்கவில்லை. 1992-ஆம் ஆண்டு வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்கு அந்தச் சேகரிப்பை வழங்க முடிவு செய்தனர். அந்தச் சிறிய வீட்டிலிருந்து படைப்புகளை ஏற்றிச் செல்ல ஐந்து பெரிய லாரிகள் தேவைப்பட்டன.

லாபம் நோக்கமல்ல, பிறர் மெச்ச வேண்டும் என்பதும் முதன்மையான காரணமாகத் தெரியவில்லை. எனில், அவர்களைச் செலுத்தியது எது? பார்வைதான் என்று கூறலாம். அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்துக்கு முன் நாம் நிற்பது சில நிமிடங்களே. வீட்டில் இருக்கும் ஓவியமோ காலை வெயிலிலும், இரவு விளக்கொளியிலும், மனம் சோர்ந்த நாளிலும் கண்ணில் படுகிறது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் புதிதாக ஏதோ ஒன்று தென்படுகிறது. ஒன்றை இவ்வாறு பார்த்துப் பழகிய கண், அடுத்ததைத் தேடத் தொடங்குகிறது.

வாங்குபவர் ஒருவர் இருப்பது கலைஞருக்கு எத்தகைய ஆதாரம் என்பதையும் மறந்துவிட இயலாது. 1966-ஆம் ஆண்டு கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியத்தை மட்டும் நம்பி வாழும் நிலை இல்லை. பாத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே அவர்கள் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொண்டனர். அக்காலத்தில் ஒருவர் வாங்கிய ஒவ்வோர் ஓவியமும், அடுத்த ஓவியம் வரையப்படுவதற்கு வழி செய்தது.

கிடங்கில் அடைபட்ட ஓவியங்கள்

இந்தியாவின் முன்னணிச் சேகரிப்பாளரான கிரண் நாடார், தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த தொழிலதிபர் சிவ் நாடாரின் மனைவி. புதிய வீட்டின் சுவர்களுக்காகவே அவர் முதலில் ஓவியங்களை வாங்கத் தொடங்கினார். சுவர்கள் நிறைந்தன, வாங்குவது நிற்கவில்லை. எஞ்சியவை யாரும் காணாமல் கிடங்கில் அடைபட்டன. அந்த உறுத்தலே 2010-ஆம் ஆண்டு கிரண் நாடார் கலை அருங்காட்சியகமாக வடிவெடுத்தது.

2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' ஓவியம் 1.37 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. நவீன இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்திராத தொகை அது. அதை வாங்கியதும் கிரண் நாடாரின் அருங்காட்சியகமே. விலையைக் காட்டிலும் வியப்புக்குரியது அந்த ஓவியம் கடந்துவந்த பாதை. 1954-ஆம் ஆண்டு டெல்லிக்குப் பணி நிமித்தம் வந்திருந்த லியோன் எலியாஸ் வோலோடார்ஸ்கி என்ற மருத்துவர் அதை வாங்கி நார்வேக்குக் கொண்டுசென்றார். பின்னர் அது ஓஸ்லோ மருத்துவமனை ஒன்றுக்கு அவரால் வழங்கப்பட்டு, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. ஏலத்தில் கிடைத்த பணம் மருத்துவர்களின் பயிற்சிக்குப் பயன்படும் என அறிவிக்கப்பட்டது. மருத்துவர் ஒருவரின் ரசனை, 70 ஆண்டுகளுக்குப் பின் மருத்துவக் கல்விக்கு நிதியாகத் திரும்பியுள்ளது.

சிவபுரம் நடராஜர் தரும் எச்சரிக்கை

பழம்பொருள்களைச் சேகரிப்பவரின் நிலை வேறு. ஓவியரிடம் நேரில் வாங்கும் படத்துக்கு மூலம் தெளிவாகத் தெரியும். யூதத் தெருவிலோ காரைக்குடி கடைகளிலோ வாங்கும் பொருள் எந்த வீட்டிலிருந்து, யார் கையிலிருந்து வந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்த சோழர் கால நடராஜர் சிலை, பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டபோது போலிச் சிலையால் மாற்றப்பட்டது. உண்மையான சிலை பல கைகள் மாறி, அமெரிக்காவின் பெரும் சேகரிப்பாளர்களில் ஒருவரான நார்டன் சைமனிடம் சென்றது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டு, 1986-ஆம் ஆண்டு சிலை தாயகம் திரும்பியது. உலகமே போற்றிய ஒரு சேகரிப்பின் பெருமையை, ஒரு சிலையின் மூலம் குறித்த கேள்வி நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகள் பழமையான சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள்களாகும். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகள். அரசு அறிவித்துள்ள வகைகளைச் சேர்ந்தவற்றை வைத்திருப்போர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். உள்நாட்டில் முறைப்படி வாங்கலாம், விற்கலாம். தனிநபர் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ரவி வர்மா, அம்ரிதா ஷேர்-கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளுக்கும் ஏற்றுமதித் தடை பொருந்தும்.

வாங்கியவர் பலரும் அறியாத மற்றொரு விதி பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளது. ஓவியத்தின் மூலப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்யப்பட்டால், அந்த விலையில் பங்கு கோர ஓவியருக்கோ அவரது வாரிசுகளுக்கோ உரிமை உண்டு. அந்தப் பங்கு 10 சதவீதத்துக்கு மேற்படாது. வரியைப் பொறுத்தவரை, ஓவியம், சிற்பங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது.

அடுத்து யாரிடம்?

சேகரிப்பாளரை இறுதிவரை விடாத கேள்வி இதுவே. மும்பையின் ஜஹாங்கீர் நிக்கல்சன், நவீன இந்திய ஓவியங்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேகரித்தவர். அவற்றுக்கெனத் தனி அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்பது அவரது விருப்பம். அது நிறைவேறாமலே 2001-ஆம் ஆண்டு காலமானார். அறக்கட்டளையின் முயற்சியால், மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் பின்னர் இடம் கிடைத்தது.

தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் சேர்த்தவை பெரும்பாலும் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும். 1992-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, பழைய காகிதம் என்ற கணக்கில் அவை எடைக்குப் போயிருக்கவும் கூடும். சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கியதால், இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன.

வெலிங்டன் தீவிலிருந்து பாலம் கடந்தால் வரும் தேவராவில், பழம்பொருள் வணிகரான ஜார்ஜ் தளியத் தமது சேகரிப்புக்குத் தாமே வீடு கட்டினார். கைவிடப்பட்ட பழைய கட்டடங்களின் மரவேலைப்பாடுகளைக் கொண்டு எழுந்த கேரள நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் அது. தெய்யம் அணிகலன்களும் முகமூடிகளும் சிற்பங்களும் விற்பனைக்கு அன்றி, பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

அருங்காட்சியகம் கட்டும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவ்வாறானவர்கள் செய்யக்கூடியது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பேடு வைப்பது. கலைஞரின் பெயர், வாங்கிய நாள், யாரிடம், என்ன விலை, ரசீது, பதிவுச் சான்று ஆகியவை அதில் இருக்க வேண்டும். கொச்சி, சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் காகிதத்திலும் கான்வாசிலும் பூஞ்சையை உண்டாக்கும் என்பதால், மழைச்சாரல் படும் வெளிச்சுவரிலும் நேர்வெயிலிலும் ஓவியத்தை மாட்டக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழை ஓய்ந்ததும் சட்டகத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளரின் கையெழுத்தும் கண்காட்சிச் சீட்டும் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும். துடைக்கும்போது அவற்றைக் கிழித்தெறிந்துவிட வேண்டாம்.