துணைத்திரையில் படம் துள்ளுவது ஏன்?

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றை நேயர்கள் எண்ணிக்கொள்க. இருப்பது ஒரே மடிக்கணினி, மாணவரோ நாற்பதின்மர். ஆசிரியர் சிறியதோர் அடாப்டர் வாயிலாகப் பெரிய திரையொன்றை அதனோடு இணைத்து, குருதிச் சுற்றோட்டத்தைக் காட்டும் படத்தை ஓடவிடுகிறார். மடிக்கணினியில் இழைந்தோடும் படம் பெரிய திரையில் விட்டுவிட்டுத் துள்ளுகிறது. கணினி பழுது, புதியது வாங்கவேண்டும் என்ற தீர்ப்பு உடனே பிறந்துவிடுகிறது. கொழுந்து பறிக்கும் பெற்றோர் நாட்சம்பளத்திலிருந்து திரட்டித் தரும் பணம் அன்றோ அது! தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும்.

சுட்டியின் அம்புக்குறியை இரு திரைகளிலும் மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். படம் இரண்டிலும் ஒருங்கே தடுமாறினால் இணையத் தொடர்பையோ கணினியையோ ஐயுறுவது முறை. பெரிய திரையில் மட்டும் அம்புக்குறி தத்தித் தத்திச் சென்றால், குற்றம் பெரும்பாலும் இடைவழியினது.

நானுஓயாவிலிருந்து பதுளைக்கு வரும் இருப்புப்பாதை ஒற்றைப் பாதை. எதிர்வண்டி கடக்கும்வரை நிலையத்திற் காத்திருந்து பழகிய ஊவா மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. எஞ்சினின் வலு எத்துணையாயினும், பாதை இடங்கொடுத்த அளவுக்கே வண்டிகள் செல்லும். சாதாரணத் திரையொன்றில் 1920க்கு 1080 என்ற கணக்கில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறத்தகவல். செக்கனுக்கு 60 முறை புதுப்பித்தால், செக்கனொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் அச்சிறு அடாப்டரைக் கடந்தாகவேண்டும். 'நான்கு கே' எனப்படும் திரைக்கோ இதன் நான்கு மடங்கு!

அடாப்டர்கள் இருவகை. யு.எஸ்.பி. சி துளையில் பொருந்துவன பெரும்பாலும் படத்தை அப்படியே கடத்துவன. இவற்றுள் மலிவானவை பல, நான்கு கே படத்தைச் செக்கனுக்கு 30 முறைக்கு மேல் கடத்தமாட்டா, எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற பழைய முறையின் எல்லை அது. கணினியின் திரை அமைப்பிற் சென்று அளவை 1920க்கு 1080 ஆகக் குறைத்து, புதுப்பிப்பை 60 ஹெர்ட்ஸ் ஆக்கினால் துள்ளல் நின்றுவிடும். செலவு ஒரு சதமுமில்லை.

மற்ற வகை, டிஸ்ப்ளேலிங்க் போன்ற சில்லு பொருத்தியது. இங்கே கணினியின் மூளையே படத்தைச் சுருக்கிப் பொதிசெய்து அனுப்பவேண்டும். மின்கலச் சிக்கனத்தில் ஓடும் பழைய கணினிக்கு இது பெருஞ்சுமை. யு.எஸ்.பி. 2.0 துளையின் உச்ச வேகம் செக்கனுக்கு 48 கோடி பிட், 3.0 துளைக்கு 500 கோடி. பின்னதன் உட்புறம் பெரும்பாலும் நீலநிறமாயிருக்கும். அடாப்டரை அதிற் செருகி, அதற்குரிய மென்பொருளைப் புதுப்பித்து, கணினிக்கு நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

இவற்றாலும் தீராவிடின், வேறொரு அடாப்டரையும் வடத்தையும் இரவல் வாங்கிச் சோதிக்கலாம். மடிக்கணினியிலேயே எச்.டி.எம்.ஐ. துளை இருப்பின் அடாப்டரே வேண்டியதில்லை. தூசி படிந்து ஒரு மூலையில் இருக்கும் அத்துளையைப் பலர் கவனிப்பதேயில்லை.