மூக்கில் ஒழுகும் மூளை நீர்

ஜலதோஷம் அன்று

தும்மலோ காய்ச்சலோ இன்றி, ஒரு பக்க நாசியில் மட்டும், குனிந்து வீடு பெருக்கும்போதும் செருப்பை மாட்டும்போதும் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டும், அதை அலர்ஜி என்றே எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி வருவோர் உண்டு. தொண்டையில் இறங்கினால் அந்நீர் உப்புக் கரிக்கும். கைக்குட்டையில் காய்ந்தால் சளியைப்போல் துணியை விறைக்கச் செய்யாது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நின்று காக்கும் திரவமே அவ்வாறு வெளிப்படக்கூடும். அடிபடாமலேயே அது மூக்கின் வழியாக ஒழுகுவதைப் பற்றி, லண்டன் வைத்தியர் ஸெயின்ட் கிளேர் தாம்ஸன் 1899-ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதியிருக்கிறார்.

எலும்பு மெலிவது எதனால்?

வயது வந்தவர் உடலில் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவே இருக்கும் இத்திரவம், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரப்பதால், சுரந்தது சுரந்தபடி இரத்தத்தில் கலந்து வடிந்தாக வேண்டும். பருத்த உடலில் வயிற்றின் பாரம் மார்பை நெருக்க, தலையிலிருந்து இறங்கவேண்டிய இரத்தம் தடைப்பட்டு, கபாலத்துக்குள் அழுத்தம் மிகுகிறது என்பது வைத்தியர்கள் பலரின் கருத்து. குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வரும் வியாதியும் சேர்ந்துகொண்டால், இரவுதோறும் அவ்வழுத்தம் ஏறி இறங்கும். நாடித்துடிப்புதோறும் மூளை நீர் வந்து மோத மோத, மூக்கின் கூரையாக அமைந்த, இயற்கையிலேயே மெல்லிய எலும்பு, வருஷக்கணக்கில் தேய்ந்து ஒருநாள் துவாரம் விழுகிறது. கொழுப்பு எலும்பை நேரே அரிப்பதாக எண்ணுவது தவறு, அரிப்பது அழுத்தமே. நடுவயதை எட்டிய, உடல் பருத்த ஸ்திரீகளிடமே இது அதிகம் காணப்படுகிறது.

அடைப்பது பாதி வேலை

வடியும் நீரைச் சிறு குப்பியில் பிடித்து, அதில் ‘பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின்’ என்னும் புரதம் உள்ளதா என்று சோதித்தால் சந்தேகம் தீரும், சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் துவாரத்தின் இடத்தைக் காட்டும். 1926-இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி கபாலத்தைத் திறந்தே இதை அடைத்தார். இன்றோ மூக்கின் வழியாக என்டோஸ்கோப் செலுத்தி, நோயாளியின் சொந்தத் திசுவைக்கொண்டே பெரும்பாலோருக்கு முதல் முயற்சியிலேயே அடைத்துவிடுகிறார்கள். ஆனால் வெள்ளம் தணியாத ஏரியில் உடைந்த இடத்தை மட்டும் அடைத்தால் கரை வேறிடத்தில் உடையுமன்றோ? ஒழுகும்வரை அத்துவாரமே வடிகாலாக இருந்து தலைவலியை மறைத்திருக்கலாம். அடைத்தபின் அழுத்தம் ஏறி, கண் நரம்பையும் வருத்தக்கூடும். ஆகவே எடையைக் குறைப்பதும், அழுத்தம் தணிக்கும் மருந்தை வைத்தியர் சொன்னபடி உட்கொள்வதும், குறட்டை வியாதிக்குச் சிகிச்சை பெறுவதும் அறுவைக்குப் பிந்திய அலங்காரங்கள் அல்ல, சிகிச்சையின் மறுபாதியே.

தாமதம் கூடாது

நீர் வெளியேறும் வழியே கிருமி உள்ளேறும் வழியுமாகும். ஒழுக்கு உள்ளவர் மூக்கைப் பலமாகச் சிந்தாமல், காது மூக்கு தொண்டை நிபுணரை விரைவில் நாட வேண்டும். காய்ச்சலுடன் கழுத்து விறைத்து, கடுந்தலைவலியும் கண்டால், அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.