எடுத்துப் போன காலம், பார்த்துப் போகும் காலம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊத்துக்கோட்டை நெடுங்காலம் டீ குடிக்க இறங்கும் ஊராகத்தான் இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே கடையில் ஒலிக்கும் எல்லையோர ஊர். ஆரணி ஆற்றில் வெள்ளம் புரண்டபோதெல்லாம் தரைப்பாலம் மூழ்கி, அக்கரை வேறு, இக்கரை வேறு என்றானது. வெளியூர்க்காரர்கள் வந்தது வேண்டுதலுக்காக. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை உடுத்த வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லை தாண்டிச் சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைக் கும்பிட்டுத் திரும்பினார்கள்.

இன்று சனிக்கிழமை காலைகளில் வேறொரு கூட்டமும் வருகிறது. கழுத்தில் பைனாகுலர், முதுகில் பை, சிலருக்குக் கியர் சைக்கிள். பறவை பார்க்க, மலையேற, ஆதிமனிதன் வாழ்ந்த குகையைக் காண வருகிறார்கள். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஏனென்றால் அதுவரை நகரம் இந்த வட்டாரத்துக்கு வந்ததெல்லாம் எதையாவது எடுத்துப் போகத்தான்.

முதலில் போனது கல். 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்துக்கு வந்தார். இருவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர். அங்கே ஓடைக்கரையில் கைக்கோடரிகள் கிடைத்தன. இந்தியாவின் பழங்கற்கால ஆய்வே அந்த ஆண்டில்தான் தொடங்கியது. ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொறுக்கிச் சேர்ப்பதே அன்றைய ஆய்வு முறை. அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்றைய முறை வேறு. 1999 முதல் அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வு, மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்துப் படித்தது. அங்குள்ள பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு முந்தியவை என்று 2011இல் தெரியவந்தது. இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு தொடங்கிவிட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு கல் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். நினைவுக்கு என்று அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், வீட்டு அலமாரியில் அது வெறும் கூழாங்கல். கருவிகளைக் கண்குளிரப் பார்க்க 1985இல் அமைக்கப்பட்ட பூண்டி தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. பயணத்தை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பிறகு ஆதிமனிதன் வாழ்ந்த கூடியம் குகைக்கு நடக்கலாம். காட்டுப் பாதையில் முள்ளையும் புதரையும் விலக்கி நடந்தால், பாறை கூரைபோல் முன்னே நீண்டு நிற்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது ஒரே பாறை இல்லை என்று தெரியும். முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள் நெருக்கமாகப் பதிந்து இறுகிய சுவர் அது. என்றோ ஓடிய ஆறு உருட்டி வழவழப்பாக்கிய கற்கள். கருவி செய்ய இந்தக் கல்லைத்தான் ஆதிமனிதன் தேர்ந்தெடுத்தான். தலைக்கு மேலே தேன்கூடுகள் தொங்கும். அங்கே சத்தமும் கூடாது, புகையும் கூடாது.

அடுத்து, பறவை. வெள்ளைக்கார அதிகாரிகளின் காலத்தில் ஏரியும் வயலும் உள்ளானும் வாத்தும் சுடும் இடங்கள். துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அதுவே விடுமுறைப் பொழுதுபோக்கு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் போன்ற அமைப்புகள் பறவை பார்ப்பதைச் சாதாரணக் குடும்பங்களின் பழக்கமாக்கின. மழைக்காலம் முடிந்ததும் பூண்டி ஏரிக்கரையில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நீர்க்காகமும் கூடுகின்றன. இன்னும் கிழக்கே போனால் பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டம். சுட்ட கணக்கு எழுதிய இடத்தில் இன்று பொங்கல் நாட்களில் கண்ட பறவைகளை எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள்.

தண்ணீர்க் கதை இன்னும் பெரியது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் திறக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லப்படும் திருவெண்பாக்கம் கோயிலே இந்த நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறியது. ஆந்திரத்துடன் 1983இல் செய்த ஒப்பந்தத்தின்படி கால்வாய் வழியே வந்த கிருஷ்ணா நீர், 1996இல் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் தமிழக எல்லையைத் தொட்டது. 2020இல் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்தது. சென்னையில் குழாயைத் திறக்கிற ஒருவர் தன் தண்ணீர் வருகிற வழியை வந்து பார்ப்பதும் நல்ல சுற்றுலாதான். ஆனால் கால்வாயில் இறங்கிக் குளிக்கக் கூடாது. சரிவான கான்கிரீட் கரையில் கால் பிடிக்காது, இழுப்பும் அதிகம்.

முன்பு காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்தார்கள். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறியவர்கள் பலரின் உயிரைப் பறித்த பிறகு, மலையேற்றத்துக்கு ஒழுங்கு வந்தது. 2024இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கூடியம் பாதையும் இருக்கிறது. பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் போகலாம். காட்டுத்தீக் காலத்தில் பாதை மூடப்படும். சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வழி சொன்ன உள்ளூர்ப் பையனுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போன காலம் மாறி, அவனுடைய அறிவுக்குக் கூலியும் மரியாதையும் கிடைக்கின்றன.

இன்னும் ஒன்று பாக்கி. நகரத்துப் பள்ளிகள் பஸ் பிடித்துப் பூண்டிக்கு வருகின்றன. ஊத்துக்கோட்டை, சீத்தஞ்சேரி, பென்னாலூர்பேட்டைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த அருங்காட்சியகத்தையும் குகையையும் பார்க்க வேண்டும். தங்கள் ஊர் எவ்வளவு பழையது என்று தெரிந்த பிள்ளைகள் வளர்ந்தால், கல்லையும் ஆற்று மணலையும் யாரும் சொல்லாமல் எடுத்துப் போக முடியாது. விருந்தாளிக்கு ஊரைக் காட்டும் உரிமை முதலில் ஊர்க்காரருக்கே சேர வேண்டும்.