சுண்ணாம்பு படிந்த ரத்தக்குழாய்
கால்சிபிலாக்ஸிஸ்: கண்ணாடித் தகட்டில் தோல் திசு

நுண்ணோக்கியில் தெரிவது, தோலடிக் கொழுப்பில் ஓடும் சிறு தமனியின் குறுக்குவெட்டு. அதைச் சுற்றிக் கரிக்கோடு போட்டதுபோல் இருக்கும் வளையம், குழாய்ச் சுவரில் படிந்த கால்சியம் உப்பு. 1901-இல் அறிமுகமான வான் கோசா சாயம் அதைக் கருப்பாக்கிக் காட்டுகிறது. குழாய் சுருங்கி, ரத்தம் உறைந்து அடைபட, மேலிருக்கும் தோல் கருகிப் புண்ணாகிறது. தொடையிலும் வயிற்றிலும்தான் பெரும்பாலும். புண்ணுக்கு முன்பே வலி வந்துவிடும். வேட்டி உரசினாலே துடிப்பார்கள்.

ஆய்வாளர் ஹான்ஸ் செலி 1962-இல் ‘கால்சிபிலாக்ஸிஸ்’ என்ற பெயரில் எழுதிய நூல் விலங்குச் சோதனைகளைப் பற்றியது. மனித நோய் வேறு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மிக அரிய நோய் இது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமே அதிகம். வார்ஃபரின் மாத்திரையும் ஆபத்தைக் கூட்டலாம். மருந்தாகத் தரப்படும் சோடியம் தயோசல்ஃபேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் அதே ‘ஹைப்போ’தான்.

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் தோலில் வலியோடு ஊதாத் திட்டு தெரிந்தால், வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரில் ஸ்ரீராம்புரம் மெட்ரோவிலிருந்து நான்காவது நிலையம் கே.ஆர். மார்க்கெட், அருகில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு நெப்ரோ யூராலஜி நிலையம் இருக்கிறது.